கோந்துக்கு எதற்குக் கையுறை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி அது பாட்டுக்கு இருக்கிறது. உன் மாமா பஸ்ஸில் டிக்கெட் கிழித்தது போக மிச்ச நேரமெல்லாம் தூங்குகிறார். அந்த மனுஷரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் பார்ப்பது அவருடைய முதுகைத்தான்.

போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். உங்கள் முகாமில் இருப்பதே ஒரு போன், அதுவும் அலுவலகத்தில். உனக்குப் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று "நல்லா இருக்கேன்க்கா, வைக்கிறேன்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் ஒரு பக்கமாவது நிரப்பித்தானே ஆகவேண்டும்!

விஷயத்துக்கு வருகிறேன். நம் கால்பந்துக் கிளப்பை விற்கப் போகிறார்களாம். வாங்கப் போகிறவர் நீ வேலை பார்க்கிற நாட்டுக் கோடீஸ்வரர். போன வாரம் மைதானத்தைப் பார்க்க வந்தார். ஆட்டக்காரர்களின் துவைத்த சட்டைகளைக் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். நம் கிழக்கு ஸ்டாண்ட் பக்கம் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு என் கூடையிலிருந்து ஒரு சட்டையை இரண்டே விரலால் தூக்கினார், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்புக்காரன் சொன்னான்: "மொதலாளிக்கு இந்தக் கலர் பிடிக்கலையாம். துவைச்சாலும் அழுக்கா தெரியுதாம்."

தம்பி, எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள் ஆரம்பித்த கிளப்புக்குச் செங்கல் நிறம் இல்லாமல் வேறென்ன நிறம் இருக்கும்? அவருக்குத் தங்க நிறம் வேண்டுமாம், அவர் கம்பெனியின் நிறம் அது. மாதிரிக்கு ஒரு சட்டையைத் துவைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். முதல் தண்ணீரிலேயே சாயம் போய், கூடக் கிடந்த வெள்ளைத் துண்டுக்கெல்லாம் மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

மே மாதம் உறுப்பினர் ஓட்டெடுப்பு. ஆளுக்கு ஒரு ஓட்டு. பங்களாக்காரனுக்கும் ஒன்றுதான், லாண்டரிக்காரிக்கும் ஒன்றுதான். கிளப் தலைவர் இப்போதே அந்த ஆளுக்குக் குடை பிடிக்கிறார். நானும், ஸ்டாண்டில் என் பக்கத்து இருக்கைக்காரரான நம் பூட்டுக்காரரும் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். அவர் உன்னை இன்னும் கோந்து என்றுதான் விசாரிக்கிறார். இரண்டாம் அணிக்கு நீ கோல் காத்தபோது, பந்து கையில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து அந்தப் பேரை வைத்தவரே அவர்தானே!

அந்த ஆள் எப்படிப்பட்டவர்? அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள்? மறைக்காமல் எழுது. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அம்மா நலமா? அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாயா? அல்லது அவள் வழக்கம்போல ஆறிப்போச்சு என்று தள்ளிவிட்டாளா?

என் எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் என்னைத் திட்டாதே. பகல் முழுக்கக் கம்பி வளைத்துக் கட்டிய கை. பேனாவைப் பிடித்தால் அதையும் வளைக்கப் பார்க்கிறது.

ஊர்ச் செய்தி படித்து இரண்டு நாள் தூக்கம் இல்லை. தங்க நிறமா? நம் ஆட்களை மைதானத்தில் பார்த்தால் மிட்டாய்க் காகிதம் பறக்கிற மாதிரி இருக்கும். அந்த ஆளைப் பற்றிக் கேட்டாய். பெரிய மனுஷன் அக்கா, இங்கே பாதிக் கட்டடத்தில் அவர் பேர்தான். நான் பார்ப்பது கட்டடத்தின் எலும்பை மட்டும். அதற்குச் சட்டை போடுகிறவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

எங்களை ஒரு புதுக் கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். வேலை அதேதான். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைக்க வாங்கிக்கொண்டார்கள். கவலைப்படாதே, எல்லாருக்கும் அப்படித்தான்.

விடுமுறை நாளில் முகாமுக்குப் பின்னால் ஆட்டம் நடக்கிறது. கோல் நான்தான். அறைத்தோழர் எலெக்ட்ரீஷியன் தன் ரப்பர் கையுறையை நீட்டி, "போட்டுக்க தம்பி, தோல் உரிஞ்சிடும்" என்றார். கையுறை போட்டால் பந்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது என்றேன். சிரித்தார். நீயாவது நம்புவாய்.

என் ஓட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செங்கல் பக்கம்தான். பூட்டுக்காரரிடம் சொல், கோந்து இன்னும் காயவில்லை என்று.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? உன் கோழிக் கிளறல் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டேன். ஒத்தடம் கொடுத்தேன். ஆறிப்போச்சு என்றுதான் சொன்னாள். நீ அவள் வயிற்றில் பிறந்தவன் என்பதில் இனிச் சந்தேகமே இல்லை.

இங்கே நடக்கிற கூத்தைச் சொன்னால் உனக்குக் குமட்டும். கண்டவனுக்கெல்லாம் தங்க நிறத் தொப்பி கொடுக்கிறார்கள், இலவசமாம். கொட்டிக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன் என்று போன மாதம் மீசையை முறுக்கியவர்கள் இப்போது பிள்ளைகளுக்கும் சேர்த்து இரண்டிரண்டாக வாங்கிப் போகிறார்கள். முதலாளியின் மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒருவன் ஊரிலேயே தங்கிவிட்டான். எதைச் சொன்னாலும் பல்லைக் காட்டுவான். அவனுக்குப் பல்லிளிப்பான் என்று பேர் வைத்திருக்கிறோம். என் கடைக்கு வந்து, "அக்கா, இனிமே சட்டையைத் துவைக்கிற கஷ்டமே உங்களுக்குக் கெடையாது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு சட்டை, முடிஞ்சதும் தூக்கிப் போட்டுருவோம்" என்கிறான். "போடுற சட்டையத் தூக்கிப் போடுறவன், போட்டவனத் தூக்கிப்போட எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். அதற்கும் பல்லைத்தான் காட்டினான்.

இதைக் கவனமாகப் படி. அந்த முதலாளியின் கட்டடங்களில் ஆட்கள் விழுந்து சாகிறார்கள், சத்தமில்லாமல் புதைத்துவிட்டு அடுத்த ஆளை ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பூட்டுக்காரர் நம்புகிறார். ஆனால் கூட்டத்தில் எழுந்து பேச்சு, வதந்தி என்று சொன்னால் சிரிப்பார்கள். நீ அங்கேயே இருக்கிறவன். உனக்குத் தெரிந்ததை எழுது. எங்கே, எப்படி என்று எழுது. நான் கூட்டத்தில் உன் பேரைச் சொல்லி உரக்கப் படிக்கிறேன்.

வெளியூர் உறுப்பினர் ஓட்டுச் சீட்டு இதனுடன் வருகிறது. 'வேண்டாம்' என்று குறித்து, கையெழுத்துப் போட்டு, சீக்கிரம் அனுப்பு. உன் சார்பில் நான் பெட்டியில் போடவேண்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள். உயரத்தில் ஏறும்போது கீழே பார்க்காதே.

உன் அக்கா


ஏப்ரல் 7

தம்பி,

நலம்தானே? என்ன கோபம் உனக்கு? கல்லுளிமங்கன் மாதிரி இருக்கிறாயே. கடிதமும் இல்லை, போனும் இல்லை. முகாமுக்குப் பேசினேன். எவனோ எடுத்து, நம் பாஷையிலேயே, "அவன் ட்யூட்டியில இருக்கான்" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். எந்த நேரமும் ட்யூட்டி என்றால் நீ என்ன மருத்துவமனையா?

அம்மா தினமும் கேட்கிறாள். கடிதம் வந்தது, நலம் என்று எழுதியிருக்கிறான் என்று பொய் சொல்லிவிட்டேன். "எங்க, படி பாப்போம்" என்றாள். லாண்டரிக் கணக்குச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நீ எழுதியதாக ஒரு கடிதமே படித்தேன். கடைசியில் "எம் பிள்ளை இவ்வளவு பாசமா எழுத மாட்டானே" என்றாள்.

ஒரு வரி போடு. சீட்டையும் அனுப்பு.

உன் அக்கா


ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் தம்பி சொல்லச் சொல்ல எழுதப்படுவது. நான் அவருடைய அறைத்தோழன், எலெக்ட்ரீஷியன். தம்பிக்குக் கையில் சிறிது வீக்கம். ஆகையால் நான் எழுதுகிறேன். இனி அவர் சொல்வது:

அக்கா, நான் நலம். உணவு நன்றாக இருக்கிறது. தங்குமிடம் நன்றாக இருக்கிறது. கம்பெனி எங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறது. நீ கேட்டது போன்ற சம்பவம் எதுவும் நான் வேலை செய்யும் இடத்தில் நடந்ததில்லை. என் பேரைச் சொல்லிக் கூட்டத்தில் எதையும் படிக்க வேண்டாம்.

ஓட்டுச் சீட்டுத் தனியாக வரும்.

அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது துணியைப் பிழிந்துவிட்டுக் கொடு. நீ பிழிகிற பிழியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது என்று தெரியும். சும்மா சொன்னேன். பூட்டுக்காரர் நலமா? நான் கடைசியாகத் தடுத்த அந்தப் பெனால்டி அவருக்கு ஞாபகம் இருக்குமா? மழையில், வலது மூலையில் வந்ததே, ஒற்றைக் கையில் பிடித்தேனே, அது. ஒரு தடவை கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
தம்பிக்காக எலெக்ட்ரீஷியன்


மே 5

தம்பி என்று இன்னும் கூப்பிடுகிறேன், பழக்க தோஷம்.

அம்மா நலம். உன் மாமா நலம். இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

உன் சீட்டு வந்தது. 'சம்மதம்' என்று குறித்திருக்கிறாய். முதலில் தபால்காரர் வேறு யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். பேரைப் பார்த்தேன், நீதான். அதற்கும் கீழே கையெழுத்து இல்லை, கைநாட்டு! பத்து வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் கைநாட்டு வைத்திருக்கிறாய். செய்கிற காரியத்துக்குக் கையெழுத்துப் போடக்கூட உனக்கே கூச்சமாக இருந்ததாக்கும்? வீக்கமாம் வீக்கம். அங்கே பசையுள்ள இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டுவிட்டாய், அதுதானே விஷயம்? உங்கள் முகாமிலிருந்து நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய சீட்டுகள் அத்தனையும் அப்படியே, ஒரே மாதிரி 'சம்மதம்.' யார் சொல்லிக் கொடுத்த பாடம் இது?

சட்டப்படி உன் சீட்டை நான்தான் பெட்டியில் போடவேண்டும். கிழித்துப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. கிழித்தால் எனக்கும் அந்தப் பல்லிளிப்பானுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கையால் என்னுடைய 'வேண்டாம்' என்பதையும், மறு கையால் உன்னுடைய 'சம்மதம்' என்பதையும் போட்டேன். பக்கத்தில் நின்ற பூட்டுக்காரர், "கோந்து நம்ம பக்கந்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். உனக்காகச் சொன்ன கடைசிப் பொய் அது.

தோற்றுவிட்டோம். வெளியூர்ச் சீட்டுகள் இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம். தலைவர் மேசைமேல் ஏறி நின்று கைதட்டினார். சூளைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் தங்கத் தொப்பியை மேலே வீசிப் பிடித்தார்கள். எனக்கு வாயெல்லாம் கசந்தது. வெளியே வந்து காறித் துப்பினேன். துப்பியும் போகவில்லை.

அந்தப் பெனால்டியைப் பற்றிப் பூட்டுக்காரரிடம் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

இனி எழுத வேண்டாம். அம்மாவுக்கு வேண்டுமானால் தனியாக எழுது.

அக்கா


மே 30

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

தம்பி சொல்லி நான் எழுதுவது. அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறார்.

அவர் சொல்வது: அக்கா, உன் கோபம் நியாயம். என் உடம்பு தேறிவருகிறது. சீக்கிரம் ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் இப்போதே சொல்லாதே, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

சகோதரி, இதை அவர் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்: தாங்கள் அவரைக் கைவிட்டுவிட வேண்டாம்.

எலெக்ட்ரீஷியன்


ஆகஸ்ட் 16

என் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

நேற்று முதல் ஆட்டம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். இருபது வருஷமாக உட்கார்ந்த இருக்கையை எவனுக்கோ ஏன் விடவேண்டும் என்று பூட்டுக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார். வாசலிலிருந்து மேற்கூரை வரைக்கும் தங்கம் பூசியிருக்கிறார்கள். கிழக்கு ஸ்டாண்டில் நாங்கள் கொஞ்சம் பேர் மட்டும் பழைய செங்கல் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். ஆளுயரத்துக்கு முதலாளியின் படம். அவர் மூக்கைப் பொத்திய அதே இடத்தில் இப்போது பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

இடைவேளையில் பெரிய திரையில் ஒரு படம் போட்டார்கள். 'உங்கள் ஊர்ப் பிள்ளை, எங்கள் குடும்பப் பிள்ளை' என்று எழுத்து வந்தது. அடுத்து உன் முகம் வந்தது.

இத்தனை மாதமும் அந்த ஆளிடம்தான் வேலை பார்க்கிறாய்! அதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. தங்கச் சட்டை போட்டுக்கொண்டு, கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று சிரிக்கிறாய். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது. இரண்டு கையிலும் பளபளவென்று கையுறை. எவனோ பந்தை மெதுவாகப் போடுகிறான், நீ மார்போடு அணைத்துப் பிடிக்கிறாய். கைதட்டல்.

பூட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "கோந்துக்கு எதுக்குய்யா கையுறை?" என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். காசுக்காகக் கையுறையும் போடுவான், கோவணத்தையும் அவிழ்ப்பான் என்று ஒருவன் சொன்னான். நான் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கத் துணியில் கறை தேடுகிற கண் எனக்கு. பந்தைப் பிடிக்கும்போது உன் இடது கையுறையின் விரல்கள் மடங்கின. வலது கையுறையின் விரல்கள் மடங்கவில்லை. விறகுச் சுள்ளி மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தன.

வீக்கம் என்றாய். வேறொருவரை வைத்து எழுதினாய். கைநாட்டு வைத்தாய். வலது மூலையில் ஒற்றைக் கையால் பிடித்த பெனால்டி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்லியிருக்கிறாய். நான் மூடச் சிறுக்கி, உன்னை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை, பூட்டுக்காரரிடமும் இல்லை. நீ சொல்லு. உன் கைக்கு என்னடா ஆச்சு?

உன் அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

நலமா. இது என் எழுத்து. இடது கை. அசிங்கமாக இருக்கும். முன்னே மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பாய்.

எலெக்ட்ரீஷியனுக்கு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறார். பைக்குள் வைத்து எடுத்துப்போய்த் தபாலில் போடுவார். இதுவரை வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் நம் பாஷை தெரிந்த மேற்பார்வையாளன் படித்தான். உன் கடைசிக் கடிதத்தை என் முன்னாலேயே உரக்கப் படித்தான்.

மார்ச் கடைசியில் நடந்தது. கம்பி வளைக்கிற எந்திரம். நிறுத்துகிற பொத்தான் வேலை செய்யவில்லை என்று எத்தனையோ தடவை சொன்னோம். வலது கையில் பெருவிரல் மட்டும் மிச்சம். வேறொன்றும் இல்லை, பயப்படாதே.

சரியாக வேலை செய்யாதது என் கைதான் என்று எழுதி, கைநாட்டு வாங்கினார்கள். பிறகு ஓட்டுச் சீட்டு. போட்டால் பாஸ்போர்ட் என்றார்கள். போட்டேன். பிறகு படம் எடுத்தால் பாஸ்போர்ட் என்றார்கள். கையுறைக்குள் விரல் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சை அடைத்துவிட்டு, சிரி என்றார்கள். சிரித்தேன் அக்கா. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கை போனது கூட அப்படி இல்லை.

இப்போது கடைசியாக ஒன்று கேட்கிறார்கள். எதிர்த்துப் பேசிய லாண்டரிக்காரியும் படத்தில் வந்து முதலாளிக்கு நன்றி சொல்லவேண்டுமாம். சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்களாம். எங்க அக்கா கழுத்து அப்படியெல்லாம் வளையாது என்று சொல்லிவிட்டேன். நீ செய்யாதே. நான் எப்படியாவது வருவேன்.

பதில் போட்டால், உறை மேல் இருக்கிற தேநீர்க் கடை முகவரிக்குப் போடு. கடைக்காரர் நல்லவர்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

கோந்து


செப்டம்பர் 28

என் கண்ணான தம்பிக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மாமாவிடம் மட்டும் சொன்னேன். அந்தத் தூங்குமூஞ்சி மனுஷர் அன்று முழுக்கத் தூங்கவில்லை. உன் கடிதத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்யாதே என்று எழுதினாய். செய்துவிட்டேன்.

பல்லிளிப்பானை நானே கூப்பிட்டனுப்பினேன். வந்தான். "எங்க கடைச் சட்டம் தெரியுமா? சீட்டைக் காட்டினாத்தான் துணி. எந்தம்பி பாஸ்போர்ட்டு அவன் கைக்கு வரணும், விமான டிக்கெட் எங்கைக்கு வரணும். அப்பறந்தான் சிரிப்பு" என்றேன். முதல் தடவையாக அவன் பல் உள்ளே போனதைப் பார்த்தேன். ஒரு வாரம் இழுத்தடித்தான். நானும் அசையவில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று தேநீர்க் கடை போனிலிருந்து நீ சொன்ன பிறகுதான் படம் எடுக்க அவர்களைக் கடைக்குள் விட்டேன்.

அந்தத் தங்கச் சட்டையை எனக்கு மாட்டினார்கள். இன்னொன்றைக் கையில் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார்கள். "மனசாரச் சிரிங்கக்கா" என்றான். சிரித்தேன். "மொதலாளிக்கு நன்றி, எங்க குடும்பத்துக்கே வாழ்வு கொடுத்தார்" என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். இன்னும் கொஞ்சம் கண் கலங்கினால் நன்றாக இருக்கும் என்றான். உன் வலது கையை நினைத்தேன், தானாகக் கலங்கியது. பிரமாதம் என்றான். அவர்கள் போனதும் உடம்பெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். துணிச் சோப்பைப் போட்டே குளித்தேன். இன்னும் அந்தத் துணி மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருக்கிறது. உனக்கு உன்மேல் அருவருப்பு என்று எழுதினாய். இனி அதில் பாதி எனக்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மார்ச் மாதம், தெரிந்ததை எழுது, உன் பேரைச் சொல்லிக் கூட்டத்தில் படிக்கிறேன் என்று நான் எழுதிய கடிதத்தையும் அவன் படித்திருப்பான். உன் சீட்டை அவர்கள் தேடி வந்ததே அதனால்தான். நீ அதை மட்டும் எழுதவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியது, பாம்பு பிடித்தது உன்னை.

போன சனிக்கிழமை இடைவேளையில் என் படம் வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஒளிந்துகொண்டேன் என்ற பேரும் சேர்ந்து வரவேண்டாம் என்று போனேன். கிழக்கு ஸ்டாண்ட் சத்தமே போடவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. பூட்டுக்காரர் மட்டும் திரும்பினார். "உன்னப் போயி என்னன்னு நெனச்சேன்" என்றார். "எவ்வளவுக்கும்மா போன?" என்றும் கேட்டார். விமானத்தில் நீ ஏறி உட்காரும் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தேன். அவர் தன் சின்ன மெத்தையைச் சுருட்டிக்கொண்டு, நாலு வரிசை கீழே போய் உட்கார்ந்துகொண்டார். நம் ஆட்கள் அன்று மூன்று கோல் போட்டு ஜெயித்தார்களாம். நான் பார்க்கவில்லை.

டிக்கெட் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அதன் நகல் இந்த உறைக்குள் இருக்கிறது. அந்தக் கையுறையை நினைவுப் பரிசு என்று கொடுத்தாலும் கொடுப்பார்கள். அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வா. கையை எதற்குள்ளும் மறைக்காதே.

நீ இறங்குகிற அன்று நானும் மாமாவும் வந்து நிற்போம். நேரே வீட்டுக்குப் போகவேண்டாம். அம்மா இத்தனை நாள் காத்திருந்தாள், இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பாள். முதலில் பூட்டுக்காரர் கடைக்குப் போவோம். என்னைக் கண்டதும் அவர் தலையைத் தூக்காமல் அரத்தால் சாவியை ராவிக்கொண்டே இருப்பார். இருக்கட்டும். நீ ஒன்றும் பேசவேண்டாம். அவர் மேசைமேல், அந்தச் சாவிக் குவியலுக்கு நடுவில், உன் வலது கையைக் கொண்டுபோய் வை. அதற்குப் பிறகு நான் பேசிக்கொள்கிறேன். இந்த ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொள்கிறேன்.

வழியில் கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு வா. வெறும் வயிற்றோடு வந்து இறங்காதே.

உன் அக்கா